காமராஜர் ஜெயித்த நாகர்கோவில் வேறு, அண்ணாச்சி

கேள்வி: காமராஜரையே ஜெயிக்க வைத்த நாகர்கோவில் தொகுதி 2021இல் பா.ஜ.க.வுக்குப் போய்விட்டதே! சாதி, மதக் கணக்கைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா? மழுப்பாமல் பதில் சொல்வீர்களா? – ஒரு வாசகர், வடசேரி.

பதில்: மழுப்பவில்லை. ஆனால் கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது, அதை முதலில் சரிசெய்துவிடுவோம். காமராஜர் நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் ஒருநாளும் நின்றதில்லை. முதலமைச்சராக இருந்த காலத்தில் அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தது குடியாத்தம், அப்புறம் சாத்தூர். 1967இல் விருதுநகரில் தோற்றார். மறுவருஷம் எம்.பி.யாக இருந்த நேசமணி காலமானதால் காலியான நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் 1969 ஜனவரி இடைத்தேர்தலில் 1,28,000க்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த மக்களவைத் தொகுதிக்குத்தான் 2009 தேர்தலிலிருந்து கன்னியாகுமரி என்று பெயர். மாவட்டத்தின் பெரும்பகுதியில் பரந்து கிடந்த தொகுதி அது. நீங்கள் ஓட்டுப் போடும் சட்டமன்றத் தொகுதியோ நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும்தான். பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த குழப்பம் இது. மேடையில் பேசுகிறவர்களுக்கே வருகிறது, உங்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, நாம் ஓட்டுப் போட்டது திருவனந்தபுரத்துச் சட்டசபைக்கு. சென்னைக்கு எம்.எல்.ஏ. அனுப்பத் தொடங்கியதே 1957இல்தான். அதனாலோ என்னவோ, சென்னையில் அடிக்கும் அலை ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டும்போது பல தடவை திசை மாறிவிடுகிறது. 1971இல் தமிழ்நாடே தி.மு.க. பக்கம் சாய்ந்தபோது இங்கே ஜெயித்தவர் காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரசின் எம். மோசஸ். 1989இல் கலைஞர் ஆட்சிக்கு வந்தார், நாகர்கோவிலில் காங்கிரஸ், மறுபடி அதே மோசஸ். 2001இல் ஜெயலலிதா வந்தார், இங்கே தி.மு.க. அணியில் நின்ற எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வின் எஸ். ஆஸ்டின் ஜெயித்தார் (அந்தக் கட்சியை இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?). 2016இல் மறுபடி ஜெயலலிதா, நாகர்கோவிலில் தி.மு.க.வின் சுரேஷ்ராஜன், சொல்லப்போனால் அந்த வருஷம் மாவட்டத்தின் ஆறு தொகுதியுமே தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணிக்குத்தான். 2021இல் மு.க. ஸ்டாலின் வந்தார், இங்கே பா.ஜ.க.வின் எம்.ஆர். காந்தி. எப்போதுமே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. 1991, 1996, 2006, 2011 நான்கிலும் நாம் அலையோடுதான் போனோம். முதல் இரண்டிலும் நம்மை அலையோடு கூட்டிக்கொண்டு போனவரும் மோசஸ்தான், ஒரு தடவை காங்கிரஸ், அடுத்த தடவை மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ்.

சரி, சாதி, மதம். அதெல்லாம் இங்கே யாரும் பார்ப்பதில்லை என்று எழுதினால் என் வீட்டு ஆட்களே சிரிப்பார்கள். 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து – கிறிஸ்தவக் கலவரம் இந்த மாவட்டத்தில் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒன்றே போதும் என்றால், மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோவிலில் பா.ஜ.க. ஜெயிக்க 39 வருஷம் ஏன் ஆனது? பக்கத்தில் பத்மநாபபுரத்தில் 1996இலேயே சி. வேலாயுதன் ஜெயித்து தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. ஆகிவிட்டாரே!

2016ஐயும் 2021ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மோதியது அதே சுரேஷ்ராஜன், அதே எம்.ஆர். காந்தி. முதல் தடவை காந்தி இரண்டாவது, அ.தி.மு.க. மூன்றாவது, அந்த இரண்டு கட்சி ஓட்டையும் சேர்த்தால் சுரேஷ்ராஜன் வாங்கியதைத் தாண்டும். அடுத்த தடவை அந்த இரண்டும் ஒரே கூட்டணிக்குள் வந்தன, காந்தி 11,669 ஓட்டில் ஜெயித்தார். ஐந்து வருஷத்தில் கோட்டாற்றிலும் வடசேரியிலும் யாருடைய சாதியும் மாறவில்லை, கோயிலும் குருசடியும் பள்ளிவாசலும் இருந்த இடத்திலேயே இருந்தன. மாறியது கூட்டணி. அதோடு, பல தேர்தலில் தோற்றும் வேறு ஊருக்குப் போகாமல் இங்கேயே செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்த மனிதர் என்று அவர்மேல் ஒரு இரக்கமும் இருந்தது. அது எத்தனை ஓட்டு என்று என்னால் எண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கட்சிக்கு எட்டாத வீடுகளிலும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

"தொகுதி போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே போனது? 2011 ஏப்ரலில் இங்கே அ.தி.மு.க. எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தார்கள், அதே வருஷம் அக்டோபரில் நகராட்சித் தலைவர் நாற்காலி பா.ஜ.க.வுக்கு. 2021இல் பா.ஜ.க. எம்.எல்.ஏ., மறுவருஷம் மாநகராட்சிக்கு நடந்த முதல் தேர்தலில் மேயர் தி.மு.க. உங்கள் சாதி, மதக் கணக்கில் இந்த நான்கும் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அதையும் போடுகிறேன்.