முட்டி வலிக்கு ஐஸா, ஒத்தடமா, கரண்டா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 63 வயது. கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுப்பவர். வலது முட்டியில் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். சர்க்கரை 12 வருடமாக இருக்கிறது. நாலு நாளைக்கு முன்னால் வளவுப் படியில் இறங்கும்போது இடது கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி உப்பு ஒத்தடம் கொடு என்கிறார், மருந்துக் கடைக்காரர் ஐஸ் வை என்கிறார், பிசியோதெரபி சென்டரில் முட்டிக்குப் பத்து நாள் கரண்ட் வைக்கணும் என்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, வீட்டிலேயே லேசாகக் கரண்ட் வைத்துக்கொள்கிற டென்ஸ் மெஷின் ஒன்று வாங்கி அனுப்பிவிட்டான். எதைத்தான் செய்வது?"

ஐஸ், ஒத்தடம், கரண்ட் மூன்றுமே வலியைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்கும். தேய்ந்த மூட்டை எதுவும் வளர்த்துவிடாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மாவை என்ன செய்ய வைக்கிறீர்கள் என்பதுதான் வைத்தியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. 12 வருடச் சர்க்கரை என்கிறீர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்து, ஒன்றில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், இன்னொன்றில் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதம், கணுக்கால், முட்டி என்று மாற்றி மாற்றி வைத்து, சூடா ஜில்லா என்று கேளுங்கள். பிசியோதெரபிஸ்டுகளான நாங்கள் சென்டரில் சோதனைக் குழாயை வைத்துச் செய்வதும் இதைத்தான். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் ஐஸும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சூடு தெரியாத காலில் வெந்நீர்ப் பையை வைத்துக் கொப்புளம் வந்து, அது புண்ணாகி, மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு.

இப்போது கணுக்கால். பிசகியவுடனே நாலு எட்டு வைக்க முடிந்ததா, இப்போது முடிகிறதா, கணுக்கால் எலும்பின் பின்பக்க விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறதா என்று பார்க்க வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் உருவான விதி இது, எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய காலில் வலியை நம்பி முடிவெடுக்க முடியாது, எலும்பு விட்டுப்போனாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். அதனால் டம்ளர் சோதனையில் பாதம் தோற்றாலோ, கால் சிவந்து சூடாக வீங்கியிருந்தாலோ, வலி இல்லை என்று அம்மா சொன்னாலும் கேட்காமல் காரைக்குடிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கெண்டைக்காலும் சேர்ந்து வீங்கி வலித்தால் அது ரத்தக் கட்டியாகவும் இருக்கலாம், அன்றைக்கே காட்டணும்.

அதெல்லாம் இல்லை, வெறும் சுளுக்குதான் என்றால் ஐஸ் வைக்கலாம். ஈரத் துணியில் சுற்றி, பத்து நிமிடம், நடுவில் ஒருமுறை தோலைப் பார்த்துக்கொண்டு. குளிர் நரம்பின் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் மரத்துப்போய் வலி தெரிவதில்லை. முதலில் ஜில்லென்று இருக்கும், அப்புறம் எரியும், குடையும், கடைசியில் மரக்கும்; மரத்த பிறகும் வைத்துக்கொண்டிருப்பதில் லாபம் இல்லை. அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்று 1978இல் எழுதிப் பிரபலப்படுத்திய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் மாற்றிச் சொல்லிவிட்டார். ஆகவே நாலாவது நாளில் ஐஸ் கட்டாயம் ஒன்றும் இல்லை. படுக்கும்போது காலுக்கு இரண்டு தலையணை கொடுத்து, கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதச் சொல்லுங்கள், அது நன்றாக வேலை செய்யும். வீக்கமும் சூடும் இருக்கும்வரை அங்கே ஒத்தடம் வேண்டாம், சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய் போட்டு இழுத்து நீவ வருகிறவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முட்டிக்கு வருவோம். பழைய தேய்மான வலி, காலையில் எழுந்தால் இறுக்கம், வீக்கம் இல்லை என்றால் ஆச்சி சொல்வது சரி, சூடு இதமாக இருக்கும். தசை தளரும், ரத்த ஓட்டம் கூடும். அதே முட்டி திடீரென்று நீர் கோத்துச் சூடாக இருக்கிற நாளில் மட்டும் ஒத்தடத்தை நிறுத்துங்கள்; அதோடு காய்ச்சலும் வந்தால் டாக்டர்தான். உப்பு ஒத்தடத்தில் எனக்கு ஒரு பயம் உண்டு. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது, வாணலியில் வறுத்த கல் உப்புக்கு அந்த எல்லை கிடையாது. முடிச்சை உங்கள் முன்கையின் உள்பக்கம் வைத்து, பத்து எண்ணும்வரை உங்களுக்குப் பொறுத்தால் மட்டும் அம்மாவுக்கு. வெந்நீர்ப் பை என்றால் கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், முக்கால் பைக்கும் குறைவாக ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். தைலம் தேய்த்த இடத்தில் எந்தச் சூடும் கூடாது, தோல் வெந்துவிடும். தினமும் அதே இடத்தில் சூடு பட்டால் வலைப்பின்னல் மாதிரி கருந்தழும்பு விழும். மணிக்கணக்கில் அடுப்பு முன் உட்காருகிற அம்மாவின் கால்களில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஒத்தடத்தைக் குறைத்துவிடுங்கள்.

கரண்ட். கதவில் முட்டியை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது, கொஞ்சம் வலி அடங்குகிறது இல்லையா? தொடு உணர்வைக் கொண்டுபோகிற தடித்த நரம்புகள் வேகமானவை, அந்தச் செய்தி முதுகுத்தண்டில் வலியின் செய்தியை மேலே போகவிடாமல் மறிக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் விளக்கினார்கள். டென்ஸ் அந்தத் தடித்த நரம்புகளைத் தோல் வழியாக மின்சாரத்தால் சீண்டுகிறது. சென்டரில் நாலு பேட் ஒட்டி வைக்கும் ஐஎஃப்டியும் நோக்கத்தில் இதுதான், அலை வேறு.

பலன்? பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல், போதிய ஆதாரம் இல்லாததால் டென்ஸ், ஐஎஃப்டி, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை எதையும் தர வேண்டாம் என்கிறது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பும் 2019இல் டென்ஸ் வேண்டாம் என்றுதான் சொன்னது, சூட்டுக்கும் குளிருக்கும் மட்டும் பாதி மனதோடு சரி என்றது. பிசியோதெரபிஸ்டாக இருந்துகொண்டு இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. காலை நீட்டவே முடியாமல் வருகிறவருக்கு நானும் கரண்ட் வைக்கிறேன்தான், பயிற்சியைத் தொடங்க ஒரு இடைவெளி கிடைக்கிறதே என்று. பத்து நாளும் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பினால் பதினோராம் நாள் வலி அப்படியே இருக்கும். பணம் கட்டுவதற்கு முன், கரண்ட் முடிந்ததும் என்ன பயிற்சி தருவீர்கள் என்று கேளுங்கள், பதில் வரவில்லையென்றால் வேறு சென்டர் பாருங்கள்.

பயிற்சி பெரிய வித்தை இல்லை. காலை நீட்டி, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தரையோடு அமுக்கி ஐந்து நொடி பிடிப்பது, பத்துத் தடவை. கணுக்கால் தேறியதும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. வலி கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம், மறுநாளும் கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். இரண்டாங்கட்டில் தரையில் குந்தி உட்கார்ந்து முறுக்குச் சுற்றுவதை மாற்றி, இடுப்பு உயரத்துக்கு மேடை போட்டுக் கொடுங்கள். அடுப்பும் மேலே வரட்டும். பழக்கம் விடாது என்று அம்மா முரண்டு பிடிப்பார், ஆனால் முட்டிக்கு எந்தக் கரண்டையும் விட இது உதவும். நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தம்பி அனுப்பிய மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் அது டென்ஸ்தானா, தசையைத் துடிக்கவைக்கும் இஎம்எஸ்ஸா என்று அட்டைப் பெட்டியில் பாருங்கள். டென்ஸ்தான் என்றால், உணர்ச்சியும் நன்றாக இருந்தால், முட்டிக்கு மேலே இரண்டு பேட், கீழே இரண்டு, தோலைத் துடைத்துக் காயவைத்து ஒட்டி, 80இலிருந்து 100 ஹெர்ட்ஸில் வைத்து, சுருசுருவென்று நன்றாகத் தெரிகிற, ஆனால் வலிக்காத அளவுக்கு ஏற்றுங்கள். அரை மணி போதும், பயிற்சிக்கு முன்னாலோ பயிற்சியின்போதோ. தூங்கும்போது, குளிக்கும்போது, எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும்போது கூடாது. கழுத்தின் முன்பக்கம், நெஞ்சு, புண் இருக்கும் இடம் எங்கும் ஒட்டக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், இதய டாக்டரைக் கேட்காமல் அவர்கள் இந்த மெஷினை மாட்டிக்கொள்ளக் கூடாது. கர்ப்பமாக இருக்கிறவர்கள் வயிற்றிலும் இடுப்பிலும் ஒட்டவே கூடாது.