எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குரங்கம்மை வந்தால் கொப்புளம் வேறு மாதிரி இருக்குமா?

எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு சிடி4 (ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருந்தால், மற்றவர்களுக்கு வருவது மாதிரியேதான் வரும். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படி நின்றவன்தான்.

2022 ஆகஸ்ட். கேரளாவில் முதல் ஆளுக்கு வந்து ஒரு மாதம், டிவியில் அதே பேச்சு. நான் திருப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் எட்டு மாதம் மாத்திரையை விட்டிருந்தேன். (திட்ட வருகிறவர்களுக்கு: ஒரே ரூமில் ஆறு பேர், டப்பாவை எடுத்தாலே கலகலவென்று சத்தம். இருந்து பார்த்தால் தெரியும்.) மேலூருக்குத் திரும்பும்போது கன்னத்திலும் கண்ணோரத்திலும் முத்து முத்தாக, ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசிமுனையால் அமுக்கின மாதிரி ஒரு குழி. அம்மா "ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிக்கக்கூட விடவில்லை. நானோ போனில் படம் பார்த்து, குரங்கம்மைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். மதுரையில் ஒரு கிளினிக்கில் எச்.ஐ.வி. என்று சொன்னதும் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். தொடவே இல்லை, பீஸ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

ஏஆர்டி சென்டர் (எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் இடம்) டாக்டரம்மாதான் கையுறை போட்டு அமுக்கிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டவில்லை, இரண்டு மாதமாக அப்படியே இருக்கிறது. "குரங்கம்மைன்னா இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்காதுப்பா, வலிக்கும், சீழ் வைக்கும், பொருக்குத் தட்டும். இது மொலஸ்கம், வேற ஒரு வைரஸால வர்ற மரு." பூஞ்சைக் கிருமியாலும் இதே குழி வருமாம், அதற்கும் ரத்தம் எடுத்தார். அது இல்லை. சிடி4 மட்டும் 142.

அந்த எண்தான் உங்கள் கேள்விக்குப் பதில். 200க்குக் கீழே போனவருக்குக் குரங்கம்மை வந்தால் கொப்புளங்கள் பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் கறுத்து அழுகி, வாரக்கணக்கில் ஆறாமல் போகலாம். நுரையீரலுக்கும் போகலாம். 2023இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த குரங்கம்மை ஆய்வில், எச்.ஐ.வி.யோடு சிடி4 350க்குக் கீழே இருந்த 382 பேரில் 27 பேர் இறந்தார்கள், அத்தனை பேரும் 200க்குக் கீழே. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் ஆறிவிடும், சிலருக்கு மறைவிடத்தில் நாலைந்து மட்டும் வந்துவிட்டுப் போகும்.

நான் டாக்டர் இல்லை. படம் பார்த்து முடிவு கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கொப்புளத்திலிருந்து சாம்பிள் எடுத்துப் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் லேப் டெஸ்ட்) பார்த்தால்தான் தெரியும்.

சம்பந்தமில்லாத ஒன்று: எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக்கூடாது என்று 2017இல் சட்டமே போட்டாகிவிட்டது. எங்கள் சின்னம்மா வீட்டில் எனக்கு மட்டும் இன்னும் பேப்பர் கப்பில்தான் காபி.

நாளைக்கே போய்க் காட்டுங்கள். கிள்ளாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். டப்பா சத்தம்தான் உங்களுக்கும் தொல்லை என்றால் உள்ளே கொஞ்சம் பஞ்சு வையுங்கள்.