புதுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட்: பழைய மெயிலையும் முகவரிகளையும் இழக்காமல் மாறுவது எப்படி?

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் பல வருடமாகத் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில்தான் மெயில் பார்த்துவந்தேன். இப்போது புதுக் கம்ப்யூட்டரிலும் அதை நிறுவிவிட்டேன். ஒரு ஜிமெயில், அலுவலகப் பெயரில் ஒரு முகவரி என இரண்டு கணக்குகள். ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் கடவுச்சொல் தவறு என்கிறது. பிரவுசரில் அதே கடவுச்சொல் வேலை செய்கிறது. அலுவலகக் கணக்கில் கடைசி இரண்டு வாரத்து மெயில் மட்டும் வந்திருக்கிறது. முகவரிகளை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) எடுத்துவந்து ஏற்றினேன். தமிழில் இருந்த பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. பழைய கம்ப்யூட்டரை அடுத்த வாரம் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். பழைய கம்ப்யூட்டரில் இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று பிரச்சினைகளில் ஜிமெயில் கடவுச்சொல் சில நிமிட வேலை. பெயர்களையும் மீட்டுவிடலாம். அலுவலக மெயில்தான் கவலைப்பட வேண்டிய விஷயம். உங்கள் பல வருட மெயிலுக்கு இன்று ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது நீங்கள் கொடுக்கப்போகும் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது.

இரண்டு வாரம் என்று நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கு பழைய கம்ப்யூட்டரில் பாப் முறையில் அமைந்திருக்க வேண்டும். பாப் மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும். சர்வரில் இருப்பதைச் சில நாள் விட்டுவைத்து அப்புறம் அழித்துவிடும். அந்தக் கெடு பல இடங்களில் 14 நாள் என்றுதான் முதலிலேயே அமைந்திருக்கும். ஐமேப் முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டர், போன் எதில் திறந்தாலும் அதே இன்பாக்ஸைப் பார்க்கிறீர்கள். 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் ஐமேப்பை வடிவமைத்ததே, ஓர் அஞ்சல் பெட்டியை எங்கிருந்தும் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒரே கம்ப்யூட்டர், எப்போதாவது கிடைக்கும் டயல்-அப் இணைப்பு என்ற காலத்துக்கு பாப் பொருத்தமாக இருந்தது. இன்று ஒருவர் இரண்டு மூன்று கருவிகளில் மெயில் பார்க்கும்போது அது தொல்லைதான்.

சந்தேகம் இருந்தால் பழைய தண்டர்பேர்டில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் திறந்து, அந்தக் கணக்கின் சர்வர் செட்டிங்ஸில் சர்வர் டைப் என்ன என்று பாருங்கள். போர்ட் எண்ணும் காட்டிக்கொடுக்கும்: 995 என்றால் பாப், 993 என்றால் ஐமேப். பாப் என்று இருந்தால், புதுக் கம்ப்யூட்டரிலும் பாப் முறையில்தான் சேர்த்தீர்களா என்று உடனே பாருங்கள். அப்படியானால் தானாக மெயில் இறக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு கம்ப்யூட்டரும் பாப் வழியே இறக்கி, இரண்டும் சர்வரில் அழிக்கத் தொடங்கினால், எந்த மெயில் எங்கே போனது என்று பிறகு தேடி மாளாது.

இனி காப்பு. பழைய கம்ப்யூட்டரில் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் பக்கத்தைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் அதைத் திறக்கும் பட்டனும் இருக்கும். அந்த ஃபோல்டருக்குள்தான் எல்லாம் இருக்கிறது: மெயில், முகவரிப் புத்தகம், கணக்கு விவரம், சேமித்த கடவுச்சொற்கள். தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் வசதியும் உண்டு. ஆனால் அது உருவாக்கும் ஜிப் கோப்புக்கு 2 ஜிபி வரம்பு இருப்பதால், பல வருட மெயில் வைத்திருப்பவருக்குப் போதாது. கையால் நகல் எடுப்பதே நம்பகமானது. இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். மற்றவை நாளைக்கு நடந்தாலும் பரவாயில்லை.

புரொஃபைலை அப்படியே புதுக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், எல்லாம் பழையபடி திறக்கும். ஆனால் பாப் அமைப்பும் சேர்ந்தே வரும். மெயில் மறுபடியும் ஒரே டிஸ்க்கை நம்பித்தான் இருக்கும். ஒருமுறை சிரமப்பட்டு ஐமேப்புக்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

தண்டர்பேர்டில் பாப் கணக்கை ஐமேப்பாக மாற்றும் பட்டன் எதுவும் கிடையாது. அதே முகவரியை ஐமேப் வகையில் இன்னொரு கணக்காகச் சேர்க்க வேண்டும். இதைப் பழைய கம்ப்யூட்டரிலேயே செய்யுங்கள். இடது பக்கத்தில் அந்த முகவரி இரண்டு முறை தெரியும்: பழைய மெயில் நிறைந்த பாப் கணக்கு ஒன்று, இரண்டு வாரத்து மெயில் மட்டும் உள்ள ஐமேப் கணக்கு ஒன்று. ஐமேப் கணக்கில் வருடத்துக்கு ஒன்றாகப் புது ஃபோல்டர்கள் உருவாக்கி, பாப் இன்பாக்ஸிலிருந்து மெயில்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குள் நகலெடுங்கள். வலது கிளிக் மெனுவில் மூவ், காப்பி இரண்டும் இருக்கும். காப்பிதான் வேண்டும், பாதியில் இணைப்பு அறுந்தாலும் மூலப்பிரதி பத்திரமாக இருக்கும். அனுப்பிய மெயில்களையும் மறக்காதீர்கள். பாப் கணக்கில் அவையும் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும்.

தொடங்கும் முன் அலுவலக மெயில்பெட்டிக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள். இடம் போதாது என்றால் முக்கியமான வருடங்களை மட்டும் ஏற்றி, மற்றவற்றைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஃபோல்டரும் ஏறி முடிந்ததும், எத்தனை மெயில் என்று கீழே வலது ஓரத்தில் காட்டும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அப்புறம் பிரவுசர் வழியே அந்த அலுவலக மெயிலைத் திறந்து, பழைய மெயில் ஒன்றிரண்டைப் படித்துப் பாருங்கள். பிரவுசரில் தெரிந்தால்தான் சர்வருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். தண்டர்பேர்டில் தெரிவதை மட்டும் நம்ப வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு புதுக் கம்ப்யூட்டரில் பாப் கணக்கை நீக்கிவிட்டு ஐமேப்பாகச் சேர்த்தால் எல்லாம் தானே வந்து சேரும். சேர்க்கும்போது பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை என்று தாண்டிப் போகாதீர்கள். நிறுவனப் பெயரில் உள்ள முகவரிகளில் இது அடிக்கடி வரும். மெயில் சர்வரின் உண்மையான பெயர் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருப்பது ஒரு வழக்கமான காரணம். சரியான சர்வர் பெயரை நிர்வாகியிடம் கேட்டு அதையே போடுங்கள்.

ஜிமெயில் விஷயத்தில் கடவுச்சொல்லில் தவறு இருக்காது. மெயில் மென்பொருளில் நேரடியாகக் கடவுச்சொல் கொடுத்து நுழையும் முறையைக் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே இறுதியில் நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்டும் அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் நிறுத்தியது. இப்போது ஓஆத் 2 என்ற முறை: தண்டர்பேர்ட் ஒரு சிறு சன்னலில் கூகுளின் பக்கத்தையே திறக்கும், நீங்கள் அங்கே நுழைந்து அனுமதி கொடுப்பீர்கள், கடவுச்சொல் தண்டர்பேர்டுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் கணக்கின் சர்வர் செட்டிங்ஸில் அதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் நார்மல் பாஸ்வேர்டு என்று இருக்கும் என நினைக்கிறேன். அதை ஓஆத் 2 என்று மாற்றுங்கள். அனுப்பும் சர்வருக்கும் தனியாக இதே மாற்றம் வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, மெயில் வருகிறது ஆனால் போகவில்லை என்பார்கள். சன்னல் திறந்தும் உள்ளே நுழைய முடியவில்லை என்றால் தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் குக்கீஸ் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு உருவாக்கும் வழியும் உண்டு, அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும். ஓஆத் 2 தெரியாத பழைய மென்பொருளுக்குத்தான் அது தேவை, உங்களுக்கு வேண்டாம்.

ஜிமெயில் ஐமேப்பில் வந்ததும் ஒவ்வொரு மெயிலும் இரண்டு இடத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஜிமெயிலில் இருப்பவை லேபிள்கள். தண்டர்பேர்ட் அவற்றை ஃபோல்டர்களாகக் காட்டுகிறது, ஆல் மெயில் என்பதையும் ஒரு ஃபோல்டராக இறக்குகிறது. டிஸ்க்கில் இடம் குறைவு என்றால் ஆல் மெயிலை மட்டும் தண்டர்பேர்டின் சப்ஸ்கிரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மெயில் எதுவும் அழியாது.

இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அனுப்பும் சர்வர். அக்கவுன்ட் செட்டிங்ஸில் அலுவலக முகவரியைச் சொடுக்கி, அந்தப் பக்கத்தின் அடியில் அவுட்கோயிங் சர்வர் எது என்று பாருங்கள். அங்கே ஜிமெயிலின் சர்வர் இருந்தால் உங்கள் அலுவலகக் கடிதம் கூகுள் வழியாகப் போகும். அந்த முகவரியை ஜிமெயிலில் சரிபார்த்து வைக்காவிட்டால் அனுப்புநர் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியே போய்விடும். ஒவ்வொரு கணக்குக்கும் அதன் சொந்த சர்வர், போர்ட் 465 அல்லது 587. சரிதானா என்று சோதிக்க, அலுவலக முகவரியிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, பிரவுசரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஷோ ஒரிஜினல் என்பதைச் சொடுக்குங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (கடிதம் உண்மையிலேயே உங்கள் நிறுவனப் பெயரிலிருந்து வந்ததா என்று பார்க்கும் சோதனைகள்) என்ற வரிகளுக்கு நேராக பாஸ் என்று இருந்தால் நிம்மதி. ஃபெயில் என்று இருந்தால், மற்றவர்களின் ஸ்பேம் ஃபோல்டரில் உங்கள் கடிதம் விழ வாய்ப்புண்டு; நிர்வாகியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக முகவரிகள். தமிழ்ப் பெயர்கள் கெடுவது இரண்டு விதம். கேள்விக்குறிகளாக ஆகியிருந்தால், கோப்பை எழுதும்போதே எழுத்துகள் போய்விட்டன. அந்தக் கோப்பை என்ன செய்தாலும் திரும்ப வராது. தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் பதிவு முத்திரையும் மாறி மாறி வந்தால் எழுத்துகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, திறக்கும் மென்பொருள்தான் தவறாகப் படிக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு நடந்தது முதல் விதம். தண்டர்பேர்டின் முகவரிப் புத்தகத்தில் எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது கோப்பு வகைப் பட்டியலில் சிஎஸ்வி இரண்டு முறை வரும்: சிஸ்டம் கேரக்டர்செட் என்று ஒன்று, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 என்று ஒன்று. சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்; அந்த எழுத்துத் தொகுப்பில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு எழுத்துக்கும் கேள்விக்குறி விழுந்துவிட்டது.

பழைய கம்ப்யூட்டரில் பெயர்கள் இன்னும் நன்றாகவே இருக்கும். இந்த முறை சிஎஸ்வியை விட்டுவிட்டு தொடர்பு விவரங்களுக்கென்றே உள்ள விகார்டு என்ற கோப்பு வகையில் எடுங்கள். ஒரே கோப்பில் எல்லாத் தொடர்புகளும் வரும், எந்தக் கட்டத்தில் எந்த விவரம் என்று பொருத்தும் வேலையும் இல்லை. எடுத்த கோப்பை நோட்பேடில் திறந்து பெயர்கள் தமிழில் தெரிகிறதா என்று பாருங்கள். சிஎஸ்வியாக எடுத்தே ஆக வேண்டுமென்றால் எக்செலில் திறந்து சேமித்துவிடாதீர்கள். போன் எண்களின் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும். முகவரிப் புத்தகம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கலெக்டட் அட்ரஸஸ் என்பதை முழுதாக எடுத்துவர வேண்டாம். நீங்கள் எப்போதோ ஒருமுறை பதில் போட்ட முகவரிகளெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

அந்தக் கோப்பைப் புதுத் தண்டர்பேர்டில் ஏற்றுவதைவிட, பிரவுசரில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் ஏற்றுவது மேல். அப்புறம் தண்டர்பேர்டின் முகவரிப் புத்தகத்தில் கார்ட்டேவ் (தொடர்புகளை இணையம் வழியே ஒத்திசைக்கும் முறை) புத்தகம் ஒன்றைச் சேர்த்து, உங்கள் ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் அது கூகுளோடு இணைந்துவிடும். 2021-ல் வந்த 91-ஆம் பதிப்பிலிருந்தே இந்த வசதி தண்டர்பேர்டில் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் தொடர்புகள் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டால் போனும் கம்ப்யூட்டரும் ஒரே பட்டியலைப் பார்க்கும். போன் மெமரியிலோ சிம்மிலோ இருப்பவை இதில் வராது, அவற்றைக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இணைந்த பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பெயரை அழித்தால் போனிலும் அழியும். தவறி அழித்தால் கூகுள் கான்டாக்ட்ஸின் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். தண்டர்பேர்டில் நீங்கள் வைத்திருந்த குழுப் பட்டியல்கள் விகார்டு கோப்பில் வராது, அவற்றைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும்.

பழைய கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன் தண்டர்பேர்டை நீக்கினால் மட்டும் போதாது. புரொஃபைல் ஃபோல்டர் அப்படியே தங்கிவிடும். பிரைமரி பாஸ்வேர்டு (பழைய பதிப்புகளில் மாஸ்டர் பாஸ்வேர்டு) போடாத நிலையில், செட்டிங்ஸில் சேவ்டு பாஸ்வேர்ட்ஸ் திறந்தால் எல்லாக் கடவுச்சொற்களும் அப்படியே எழுத்தாகத் தெரியக்கூடும். டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிக் கொடுங்கள். அலுவலக மெயிலின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.