டிராஃப்டுக்கு முன்னாடி நடக்கிற ஒர்க்கவுட்டும் இன்டர்வியூவும் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் பிளேயரோட பேரை நிஜமாவே மாத்துமா?

டிராஃப்டுன்னா, காலேஜ்ல ஆடின பசங்களை என்எஃப்எல்ங்கிற ப்ரோ லீக்கோட டீம்கள் ரவுண்ட் ரவுண்டா, முறை வெச்சு ஒவ்வொருத்தரா எடுக்கிறது, ஒவ்வொரு தேர்வும் ஒரு பிக். கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான்: மூணு நாலு வருஷம் காலேஜ்ல ஆடின ஆட்டம் எல்லாம் வீடியோவா கையில இருக்கு, அப்புறம் எதுக்கு அந்தப் பசங்களை பிப்ரவரி, மார்ச்ல கூப்பிட்டு ஓட விட்டு, குதிக்க விட்டு, ரூம்ல உட்கார வெச்சு கேள்வி கேக்குறாங்க, அதனால ஒருத்தர் பேரு ஏறுறதும் இறங்குறதும் நியாயமா?

மாத்தும். நிறையவே மாத்தும். ஆனா ஒர்க்கவுட் மாத்துறதும் இன்டர்வியூ மாத்துறதும் ஒண்ணு இல்ல, என் பதில் முழுக்க அந்த வித்தியாசத்தைப் பத்திதான்.

நான் ஒஹாயோல கொலம்பஸ்ல இருக்கேன். இங்க இருக்கிற ஒஹாயோ ஸ்டேட் காலேஜ் டீம் ஆட்டம் பார்த்துப் பார்த்துதான் எனக்கு அமெரிக்கன் ஃபுட்பாலே புரிஞ்சது. 2021, 2022 ரெண்டு சீசனும் சி.ஜே. ஸ்ட்ரவுட் இங்க குவாட்டர்பேக், அதாவது பந்து வீசி ஆட்டத்தை நடத்துறவர். அவர் டிராஃப்டுக்குப் போன வருஷம் மார்ச் மாசம், கார்ல மூணு மணி நேரம் ஓட்டிட்டுப் போய் இண்டியானாபொலிஸ்ல லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல கம்பைன் பார்த்தேன், இப்பல்லாம் ரசிகர்களையும் உள்ள விடுறாங்க.

கம்பைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: வருஷா வருஷம் டிராஃப்டுக்கு வரப்போற பசங்கள்ல சுமார் 320, 330 பேரைக் கூப்பிட்டு 32 டீம்களும் ஒரே இடத்துல பார்க்குற வாரம் அது. 1987-ல இருந்து இண்டியானாபொலிஸ்லதான் நடக்குது. 40 யார்ட் ஓட்டம் (நம்ம கணக்குல 36 மீட்டர் சொச்சம்), நின்ன இடத்துல இருந்து மேல குதிக்கிறது, முன்னால தாவுறது, 102 கிலோ பாரத்தை எத்தனை தடவை தூக்குறாங்க, கூம்பு வெச்சு வளைஞ்சு ஓடுறது. டிவியில காட்டுறது இதெல்லாம்தான். ஆனா டீம்களுக்கு அங்க முக்கியமா வேண்டியது மெடிக்கல் செக்கப். எல்லா டீம் டாக்டர்களும் ஒரே இடத்துல ஒரு முழங்காலையோ இதயத்தையோ பார்த்துடலாம், இந்த மாதிரி கேம்ப் ஆரம்பிச்சதே அதுக்காகத்தான். 2018-ல மிச்சிகன் டிஃபென்சிவ் டேக்கிள் மாரிஸ் ஹர்ஸ்டுக்கு இதயத்துல பிரச்சினை இருக்கலாம்னு கம்பைன்ல இருந்து வீட்டுக்கு அனுப்பினாங்க, முதல் ரவுண்ட் பையன்னு பேசிக்கிட்டிருந்தவர் அஞ்சாவது ரவுண்டுக்குப் போனார். அதுல நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், உயிர் விஷயம்.

சரி, அன்னைக்கு நான் பார்த்தது. ஸ்ட்ரவுட் பந்து வீசினது அவ்வளவு அழகு, பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் திரும்புறதுக்குள்ள பந்து அங்க இருக்கு. ஆனா ஸ்டேடியத்துல சத்தம் வந்தது அவருக்கு இல்ல, ஃப்ளோரிடாவுல இருந்து வந்த ஆந்தனி ரிச்சர்ட்சனுக்கு. ஆறடி நாலு அங்குலம் உயரம், நின்ன இடத்துல இருந்து 40.5 இன்ச் குதிச்சார், அதுவரைக்கும் கம்பைன்ல எந்த குவாட்டர்பேக்கும் அவ்வளவு குதிச்சதில்ல, 40 யார்டை 4.43 செகண்ட்ல ஓடினார். நானும் எழுந்து நின்னு கத்தினேன். காலேஜ்ல மொத்தமே 13 ஆட்டம்தான் அவர் ஸ்டார்ட் பண்ணினது, கடைசி சீசன்ல வீசினதுல 54 சதவீதம்கூட கைக்குப் போய்ச் சேரல, ஆனா அந்த ஒரு மதியத்துக்கு அப்புறம் அதைப் பத்திப் பேசுறவங்க குறைஞ்சுட்டாங்க. இண்டியானாபொலிஸ் டீம் கோல்ட்ஸ் நாலாவது பிக்ல எடுத்தாங்க. 2024 சீசன்ல அவர் வீசினதுல பாதிக்கு மேல கீழ விழுந்தது, நடுவுல கொஞ்சம் ஆட்டம் பெஞ்ச்ல உட்கார வெச்சாங்க, அடுத்த வருஷம் இடம் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. பையன் மேல எனக்குக் கோபமே இல்ல, பாவம், அவர் என்ன செய்வார், குதிக்கச் சொன்னாங்க குதிச்சார். குதிச்சதைப் பார்த்துட்டு பந்து வீசத் தெரியும்னு முடிவு பண்ணினது நாமதான்.

இது புதுசு இல்ல. 1995-ல பாஸ்டன் காலேஜ்ல இருந்து மைக் மமூலான்னு ஒரு டிஃபென்சிவ் எண்ட், கம்பைன்ல வைக்கிற டெஸ்டுக்குன்னே தனியா பயிற்சி எடுத்துட்டு வந்தார், அந்தக் காலத்துல அப்படிச் செய்யுறவங்க கம்மி, எல்லா நம்பரும் அசத்தல். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இடம் மாத்திக்கிட்டு மேல ஏறி வந்து ஏழாவது பிக்ல அவரை எடுத்தாங்க, அவங்க விட்டுக் கொடுத்த 12-வது இடத்துல டாம்பா பே எடுத்தது வாரன் சாப்பை, அவர் இன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கார். மமூலா மோசமான பிளேயர் இல்ல, அஞ்சு சீசன்ல 31.5 சாக் (எதிர் குவாட்டர்பேக்கைப் பந்தோட கீழ தள்றது) எடுத்தார், ஆனா அவர் பேரு இன்னைக்கு வரைக்கும் "கம்பைன் ஏமாத்து"க்கு உதாரணமாவே நிக்குது, அது அவருக்குச் செஞ்ச அநியாயம்னுதான் எனக்குத் தோணும். இப்ப அவர் செஞ்சதைத்தான் எல்லாரும் செய்யுறாங்க, ஜனவரில இருந்தே ஏஜென்ட் செலவுல அரிசோனா, ஃப்ளோரிடான்னு போய் எப்படிக் குனிஞ்சு கிளம்பணும்னு அதையே ரெண்டு மாசம் பழகுறாங்க.

கீழ இறங்குறதும் அப்படித்தான். பின்னாடி இந்த ஆட்டத்துலயே பெரிய பேரான குவாட்டர்பேக் டாம் பிரேடி 5.28 செகண்ட்ல ஓடி 199-வது பிக்ல போன கதை எல்லாருக்கும் தெரியும், விடுங்க. எனக்குப் பிடிச்சது ரிசீவர் டி.கே. மெட்காஃப் கதை. 2019-ல 103 கிலோ உடம்போட 4.33 செகண்ட்ல ஓடினார், எல்லாரும் வாயைப் பிளந்தாங்க, அடுத்து கூம்பு சுத்தி ஓடச் சொன்னா 7.38 செகண்ட், அது பிரேடி ஓடினதை விட மெதுவு. அவ்வளவுதான், "நேரா மட்டும்தான் ஓடுவான், திரும்பத் தெரியாது"ன்னு பேரு ஒட்டிக்கிச்சு, ரெண்டாவது ரவுண்டோட கடைசில 64-வது ஆளா சியாட்டில் எடுத்தாங்க. ரெண்டாவது சீசன்லயே பந்தைப் பிடிச்சு 1,303 யார்ட். குவாட்டர்பேக்கைக் காக்குற ஆள் ஓர்லாண்டோ பிரவுன் 2018-ல 40 யார்டை 5.85-ல ஓடி, பாரத்தை 14 தடவை மட்டும் தூக்கினார்னு முதல் ரவுண்ட்ல இருந்து 83-க்கு விழுந்தார், அப்புறம் திரும்பத் திரும்ப ப்ரோ பவுல் (வருஷத்தோட சிறந்த ஆளுங்களுக்கான ஆட்டம்), சீஃப்ஸ் டீமோட சூப்பர் பவுல்ங்கிற ஃபைனலும் ஜெயிச்சார். குவாட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் 2014-ல, தன் காலேஜ்லயே டீம்களுக்கு ஆடிக் காட்டுற ப்ரோ டேல, வழக்கமா ஆட்டத்துல போடுற கிளவுஸைப் போடாம வீசினார், பந்து இங்கேயும் அங்கேயும் போச்சு, ஒரு மதியம், முதல் அஞ்சுல பேசப்பட்டவர் 32-வதா போனார்.

இவ்வளவு சொல்லிட்டு நான் ஒர்க்கவுட்டை ஒழிக்கணும்னு சொல்லப் போறேன்னு நினைச்சா, இல்ல. ஏன்னா ஸ்டாப்வாட்ச் எல்லாருக்கும் ஒண்ணு. சின்ன காலேஜ்ல ஆடினவனுக்கும் அதே 40 யார்ட்தான். 7.38-ன்னா 7.38, நீங்களும் பார்க்கலாம் நானும் பார்க்கலாம், அதுக்கு அர்த்தம் என்னன்னு சண்டை போடலாம், அஞ்சு வருஷம் கழிச்சு "நாமதான் தப்பாப் படிச்சோம்"னு திருத்திக்கலாம். தப்பு நடந்தாலும் வெளிச்சத்துல நடக்குது.

இன்டர்வியூ அப்படி இல்ல.

கம்பைன்ல ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பையனோட 15, 20 நிமிஷம் கிடைக்கும். ரூம்ல ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்), ஹெட் கோச், அந்த பொசிஷன் கோச், ஸ்கவுட் (டீமுக்கு ஆள் தேடுறவர்) எல்லாம் உட்கார்ந்திருப்பாங்க. அவன் சொதப்பின ஆட்டத்தோட வீடியோவைப் போட்டு "இங்க என்ன நினைச்ச"ன்னு கேப்பாங்க, போர்டுல ஒரு பிளே (ஆட்டத் திட்டம்) வரைஞ்சு காட்டிட்டு வேற ஏதோ பேசிட்டு, பத்து நிமிஷம் கழிச்சு அதை அப்படியே வரையச் சொல்வாங்க. இது நல்ல விஷயம், குவாட்டர்பேக் வேலையே அதானே. வர்றானா வரலையாங்கிறதே சில சமயம் பதில். 1998-ல முதல் பிக் எந்த குவாட்டர்பேக், பெய்டன் மேனிங்கா ரயன் லீஃபான்னு நாடே பேசிக்கிட்டிருந்தப்ப, லீஃப் கம்பைனுக்கு 261 பவுண்ட் எடையோட வந்தார், கோல்ட்ஸ் கோச்சோட மீட்டிங்குக்கு வரவே இல்ல. கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தாங்க. மேனிங் அஞ்சு தடவை எம்விபி (வருஷத்தோட சிறந்த பிளேயர்), லீஃப் 14 டச்டவுனுக்கு (நம்ம கோல் மாதிரி) 36 இன்டர்செப்ஷனோட (எதிர் டீம் பிடிச்சுக்கிட்ட வீச்சு) முடிச்சார். அங்கேயும் பாருங்க, எடையும் வராததும் ஊரறிஞ்ச விஷயம்.

ஆனா மூடின கதவுக்குள்ள வேற கேள்விகளும் வரும். 2010-ல டெஸ் பிரையன்ட்கிட்ட டால்ஃபின்ஸ் ஜிஎம் அவரோட அம்மா விபச்சாரம் பண்ணினாங்களான்னு கேட்டார், வெளிய வந்ததும் மன்னிப்பு கேட்டார். 2016-ல ஈலை ஆப்பிள்கிட்ட ஃபால்கன்ஸ் கோச் ஒருத்தர் உனக்கு ஆம்பளைங்களைப் பிடிக்குமான்னு கேட்டார், அதுக்கும் மன்னிப்பு. 21 வயசுப் பையன், எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் கையில அவன் குடும்பத்தோட எதிர்காலம், அவன் கோபப்பட்டா "டெம்பர் இருக்கு"ன்னு எழுதுவாங்க, பேசாம இருந்தா "எதையோ மறைக்கிறான்". அவன் எந்தப் பதில் சொன்னாலும் தப்புதான். 2022-ல என்எஃப்எல்லே டீம்களுக்கு எழுதுச்சு, அந்த மாதிரி நடந்துக்கிட்டா டிராஃப்ட் பிக்கும் போகும், குறைஞ்சது ஒன்றரை லட்சம் டாலர் ஃபைனும் விழும்னு. அவ்வளவு வருஷம் ஏன் ஆச்சுன்னுதான் எனக்கு வருத்தம்.

அதை விட மோசம், ரூம்ல நடந்தது வெளிய வர்ற விதம். யாரும் பேரு சொல்ல மாட்டாங்க. "ஒரு கோச் சொன்னார்", "ஒரு எக்ஸிக்யூட்டிவ் சொன்னார்". குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 2024 சீசன்ல கொலராடோ காலேஜுக்கு வீசினதுல 74 சதவீதம் கைக்குப் போய்ச் சேர்ந்தது, 37 டச்டவுன். முதல் ரவுண்ட்லயே போவார்னு பேசினாங்க. அப்புறம் இன்டர்வியூல திமிரா இருந்தார், இதை விட மோசமா ஒரு இன்டர்வியூ பார்த்ததில்லன்னு பேரில்லாத ஆளுங்க வாயில இருந்து வந்தது. 2025 ஏப்ரல்ல அவர் 144-வது பிக்ல, அஞ்சாவது ரவுண்ட்ல பிரவுன்ஸ் டீமுக்குப் போனார். அந்த வருஷம் முதல் ஆளுக்குக் கிடைச்சது 48 மில்லியன் டாலருக்கு மேல, அவருக்கு நாலு வருஷத்துக்குச் சேர்த்து சுமார் 4.6 மில்லியன். அவர் நிஜமாவே அந்த ரூம்ல மோசமா நடந்திருக்கலாம், கை பலம் பத்தலைன்னு டீம்கள் நேர்மையாவே முடிவு பண்ணியிருக்கலாம். என் கோபம் அது இல்ல, சொன்னவர் பேரு போடல, அதனால அவரால பதில் சொல்ல முடியாது, நம்மால எடை போடவும் முடியாது. அந்த வாய்க்கு என்ன லாபம்னும் தெரியாது. ஏப்ரல் மாசத்துல ஒரு பையன் கீழ இறங்கி தன் கைக்கு வரணும்னு நினைக்கிற டீமும் பேசும், இன்னொரு பையனைத் தூக்கி விடணும்னு நினைக்கிற ஏஜென்டும் பேசுவார்.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு சூடு ஏறுதுன்னா, எங்க வீட்லயே நடந்தது. எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தாங்க, ஜாதகம் பொருந்தி, ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சு, தேதி குறிக்கிற வரைக்கும் போச்சு. அப்புறம் அந்தப் பக்கத்துல இருந்து ஒரு போன், "ஊர்ல விசாரிச்சோம், அவ்வளவு நல்லா சொல்லல". யாரு சொன்னா, என்ன சொன்னாங்க, ஒண்ணும் சொல்லல. அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். படிப்பு இல்ல, நிறம் இல்லன்னு சொல்லியிருந்தா எங்க அப்பா எதிர்த்துப் பேசியிருப்பார். "விசாரிச்சோம்"ங்கிறதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அடுத்த ரெண்டு வருஷம் வந்த ஒவ்வொரு வரனும் அந்தப் பேச்சைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. பேரில்லாத ஸ்கவுட் சொன்னதாப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வரும்.

ஸ்ட்ரவுட்டுக்கு வர்றேன். ரெண்டும் கலந்த கேஸ் அவரது. டிராஃப்டுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, எஸ்2ன்னு ஒரு மூளை வேகத்தை அளக்குற டெஸ்ட், அதுல அவர் 18 வாங்கினார், அதே டிராஃப்டுக்கு வந்த குவாட்டர்பேக் பிரைஸ் யங் 98 வாங்கினார்னு வெளிய கசிஞ்சுது. ரகசியமா இருக்க வேண்டிய மார்க். நம்பர்தானே, சரிபார்க்கலாமேன்னு கேப்பீங்க, ஆனா டெஸ்ட் பேப்பரை நமக்கு யாரும் காட்டல, வெளிய வந்த மார்க்கெல்லாம் சரியில்லைன்னு அந்தக் கம்பெனி பக்கமே சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி இதே கூத்து வொண்டர்லிக் டெஸ்ட்ல நடந்திருக்கு, 12 நிமிஷத்துல 50 கேள்வி, 2012-ல மாரிஸ் கிளேபோர்ன் 4 வாங்கினார்னு வெளிய விட்டு ஊர் சிரிச்சது, அவருக்குப் படிக்கிறதுல குறைபாடு இருந்ததைப் பத்தி யாரும் யோசிக்கல. கம்பைன்ல அந்த டெஸ்டை 2022-ல தான் நிறுத்தினாங்க.

என் ஆஃபீஸ்ல ஒருத்தர், பிரவுன்ஸ் ரசிகர், நல்ல மனுஷன், அந்த வாரம் காபி மெஷின் பக்கத்துல நின்னு "உன் ஆளுக்கு மூளை மெதுவாமே"ன்னார். நாலு மாசம் முன்னாடிதான் பீச் பவுல்ங்கிற காலேஜ் ஆட்டத்துல, ஜார்ஜியாவோட டிஃபென்ஸ் முன்னாடி ஸ்ட்ரவுட் 348 யார்ட், நாலு டச்டவுன் வீசினதை அதே ஆள் என் வீட்டு சோஃபாவுல உட்கார்ந்து பார்த்திருக்கார், ஒரு பாயிண்ட்ல தோத்தோம். கண்ணால பார்த்த ரெண்டு வருஷத்தை கசிஞ்ச ஒரே ஒரு மார்க் அழிச்சிடுச்சு, அதைத்தான் என்னால தாங்க முடியல. ரெண்டாவது பிக்ல ஹூஸ்டன் டீம் டெக்சன்ஸ் அவரை எடுப்பாங்களான்னே பேச்சு வந்துச்சு.

எடுத்தாங்க. முதல் சீசன்ல 4,108 யார்ட், 23 டச்டவுன், அஞ்சே அஞ்சு இன்டர்செப்ஷன், புதுசா வந்தவங்கள்ல சிறந்தவருக்கான அஃபென்சிவ் ரூக்கி ஆஃப் த இயர் விருது. 2024 ஜனவரில ஹூஸ்டன்ல பிளேஆஃப், எதிர்ல அதே பிரவுன்ஸ், 45-14-ன்னு ஜெயிச்சார். அந்த ஆபீஸ் நண்பரும் என் வீட்லதான் பார்த்தார், மூணாவது டச்டவுனுக்கு அப்புறம் எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட்டுட்டு வந்தார், ஏப்ரல்ல சொன்னதைப் பத்தி அவரும் பேசல நானும் பேசல.

ஸ்ட்ரவுட் பேரைப் போட்டுத் தேடினா இப்பவும் அந்த 18 வரும். அதை வெளிய விட்டவர் யாருன்னு மட்டும் இன்னும் வெளிய வரல.