மகள் விண்வெளிக்குப் போக வேண்டுமாம்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலை இருக்கிறது. ஓ.எல். பரீட்சையில் 9ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ, எடுத்த பிள்ளை உயர்தரத்துக்கு உயிரியல் வேண்டாம், கணிதப் பிரிவுதான் படிப்பேன் என்று நிற்கிறாள். அதற்கு அவள் சொல்லும் காரணம் விண்வெளி வீராங்கனை ஆவது. “சனம் கேட்டால் சிரிக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். 9ஏ எடுத்தவள் டொக்டருக்குப் படிக்காவிட்டாலும் சனம் கதைக்கும், படித்து வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கதைக்கும். அதை விடுவோம்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாசா அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களை மட்டுமே எடுக்கும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தன் உறுப்பு நாட்டவர்களை எடுக்கும், ஜப்பான் ஜப்பானியரை எடுக்கும். இலங்கைக் கடவுச்சீட்டோடு இவர்களிடம் விண்ணப்பிக்க வழி இல்லை. வழி உள்ளவர்களுக்கும் சுலபமில்லை: 2021இல் நாசா 10 பேரைத் தெரிவுசெய்தபோது விண்ணப்பித்தவர்கள் 12,000க்கு மேல்.

இதை மகளிடம் மறைக்க வேண்டாம். அதேநேரம் இதைச் சொல்லியே அவள் வாயை அடைக்கவும் வேண்டாம். 1969இல் சந்திரனில் மனிதன் இறங்கியதைப் பார்த்தபோது கிறிஸ் ஹட்ஃபீல்ட் என்ற கனடியப் பையனுக்கு 9 வயது. கனடாவுக்கு அப்போது விண்வெளி வீரர் என்று ஒருவர்கூட இல்லை. முதல் கனடியர் போனதே 1984இல்தான். ஹட்ஃபீல்ட் 1992இல் தெரிவாகி, 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் தளபதியாகவே இருந்தார். நாசாவுக்குத் தெரிவாகிறவர்களின் சராசரி வயது 34 அளவில். உங்கள் மகளுக்கு இப்போது 16. இன்னும் பதினெட்டு வருடத்தில் பிள்ளை எந்த நாட்டில் இருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் எந்தத் தாயால் அடித்துச் சொல்ல முடியும்?

ஆகவே அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவளுக்குப் பிடித்திருப்பது அந்த வேலையா, அந்த உடுப்பா? போய் இருந்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டால் அது தெரிந்துவிடும்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். செய்யவேண்டியதெல்லாம் நிமிடக் கணக்கில் கணினித் திரையில் வரிசையாக இருக்கும். நேரத்தைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்று அதன் மேலே நகர்ந்துகொண்டே போகும். கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் நாள் முழுக்கத் துரத்த வேண்டியதுதான். (ரியூசனுக்கு ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல.) ஆய்வுகள் இருக்கின்றன, சரி. அதோடு கழிப்பறை பழுதானால் திருத்துவதும் அவர்கள்தான், காற்றிலிருந்து கரியமில வாயுவை அகற்றும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதும் அவர்கள்தான். சிறுநீரும் வியர்வையும் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகத் திரும்பி வரும். பாண் சாப்பிட முடியாது, துகள்கள் மிதந்து கருவிகளுக்குள் போய்விடும் என்பதால் ரொட்டி மாதிரியான ஒன்றுதான். உடலில் நீர்மம் மேலே ஏறி முகம் வீங்கும், மூக்கடைக்கும், சாப்பாடு சப்பென்றிருக்கும். பலர் உறைப்புக் குழம்பு கேட்பது அதனால்தானாம். நாங்கள் அதில் தேறிவிடுவோம்.

படுக்கை என்பது ஆள் நிற்கும் அளவு கூண்டில் சுவரோடு கட்டிய உறக்கப் பை. காற்றாடி நின்றுவிட்டால் தான் விட்ட மூச்சே முகத்தைச் சுற்றிக் கட்டிநிற்கும், தலையிடி வரும். எலும்பு மாதம் ஒரு வீதத்துக்கு மேல் தேயக்கூடும் என்பதால் தினமும் இரண்டு மணிநேரம் அளவில் உடற்பயிற்சி. மாதக் கணக்கில் நடக்காமல் இருப்பதால் உள்ளங்கால் தோல் உரிந்து குழந்தைப் பாதம்போல் மென்மையாகும். கம்பிகளுக்குள் காலைச் செருகிச் செருகிப் பாதத்தின் மேற்புறம்தான் காய்த்துப்போகும்.

இதைப் படித்து மகள் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். “கழிப்பறையை எப்படித் திருத்துகிறார்கள்?” என்று கேட்டால் அது வேறு பதில்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லுங்கள். 2013 ஜூலை 16ஆம் திகதி இத்தாலியர் லூக்கா பர்மிற்றானோ நிலையத்துக்கு வெளியே வேலைசெய்துகொண்டிருந்தபோது பிடரியில் ஈரம் உணர்ந்தார். தலைக்கவசத்துக்குள் தண்ணீர் கசிந்தது. எடையில்லாத இடத்தில் தண்ணீர் வழிந்து இறங்காது, தலையோடு ஒட்டிப் பரவும். அது காதை மூடி, கண்ணை மூடி, மூக்குத் துளைக்கும் வந்துவிட்டது. பார்வையும் இல்லை, பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. தன்னைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றின் இழுவையை உணர்ந்து அதன் வழியே வாசலுக்குத் திரும்பினார். உள்ளே எடுத்தபோது ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்திய கிழமை நடந்தது. அந்தக் கவசத்தில் அப்போதே தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை ஒழுகியிருக்கும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். உண்மையில் அந்த விண்வெளி உடுப்பில் காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் பகுதியில் அடைப்பு. பர்மிற்றானோ 2019இல் மறுபடி போய் நிலையத்தின் தளபதியும் ஆனார்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்காமல் நின்றபோது எல்லோரும் மோட்டர் பழுது என்றார்களாம், இவள்தான் குழாயை மேலே எடுக்கச் சொல்லி அதன் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் ஊத்தை அடைத்திருந்ததைக் காட்டினாளாம். அம்மா, 9ஏயைவிட எனக்கு இந்த வரிதான் பெரிது. விண்வெளி நிலையத்திலும் ஆள் தேவைப்படுவது இதற்குத்தான்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. சுனிதா வில்லியம்ஸ் செய்தியைப் பார்த்துவிட்டு “அங்க போய் மாட்டுப்பட்டா என்ன செய்யிறது” என்று கேட்டிருக்கிறீர்கள். அவரும் புட்ச் வில்மோரும் 2024 ஜூனில் எட்டு நாள் அளவில் என்று போனார்கள், போன கலத்தின் உந்துபொறிகள் கோளாறு பண்ணின, 2025 மார்ச்சில் வேறு கலத்தில் திரும்பினார்கள். நிலையத்தில் அவர்களுக்குச் சாப்பாடும் வேலையும் இருந்தன. அதைவிடக் கடினமானது டான் டானி என்ற அமெரிக்க வீரருக்கு நடந்தது. 2007 டிசம்பரில் அவர் நிலையத்தில் இருந்தபோது கீழே தாய் விபத்தில் இறந்துபோனார். அவர் திரும்பியது பெப்ரவரியில். தாய் தகப்பனின் செத்தவீட்டைப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பார்க்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனை? அந்தத் துன்பத்துக்கு விண்வெளிக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் அதற்கு ஒப்புக்கொண்டுதான் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதை மகள் தெரிந்திருக்கட்டும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். உயிரியல் படித்தால் விண்வெளி வாசல் மூடாது. 371 நாள் தொடர்ந்து இருந்துவந்த ஃபிராங்க் ரூபியோ ஒரு டொக்டர். 2019 ஒக்டோபரில் பெண்கள் இருவர் மட்டும் முதல்முறையாக வெளியே போய் மின்கலச் சாதனம் ஒன்றை மாற்றினார்கள்: ஜெசிக்கா மெயர் கடல் உயிரியலாளர், கிறிஸ்ரினா கொக் மின்பொறியியல் படித்துத் தென்துருவத்தில் வேலைசெய்தவர். ஆகவே “விண்வெளிக்குப் போக கணிதம் வேண்டும்” என்ற மகளின் காரணம் பிழை. ஆனால் அவள் தெரிவு சரி என்றே நினைக்கிறேன். ஃபுட் வால்வைக் கண்டுபிடித்த பிள்ளையை மூன்று வருடம் விலங்கியல் மனனம் செய்ய வைத்து மருத்துவபீடத்துக்கு ஒரு புள்ளி குறைந்தது என்று அழவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

விண்வெளிக்கே போகாவிட்டாலும் சோறு போடுகிற படிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே நிபந்தனை. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுத்தால் பொறியியலுக்கு மொறட்டுவ, பேராதனை இருக்கின்றன, கிளிநொச்சி அறிவியல்நகரில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே இருக்கிறது. இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1ஐ ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் செய்தார்கள். ஒரு கிலோ அளவுதான் எடை, 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. விண்வெளித் துறையில் போகிறவர்களைவிடக் கீழே இருந்து வேலைசெய்கிறவர்கள் ஆயிரம் மடங்கு. அவளுக்கு அங்கே இடம் கிடைத்தால் அது தோல்வி இல்லை. வானியல் ஒலிம்பியாட்டில் இலங்கையும் பங்கெடுக்கிறது, அதையும் பாடசாலையில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடி போடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அது தடையில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். நீச்சல் தெரியாது என்பதுதான் திருத்தவேண்டியது. பயிற்சியில் நீச்சல் சோதனை உண்டு. சுற்றவரக் கடலை வைத்துக்கொண்டு எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்காமல் விடுகிறோம்.

அடுத்த கிழமை வரும்போது மகளையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணிதம் என்று முடிவானால் மூன்று பாடத்துக்கும் ஒவ்வொரு ரியூசன் போதும், ஒரு பாடத்துக்கு இரண்டு ஆசிரியர் வேண்டாம். சனிக்கிழமைப் பின்னேரத்தை நீச்சலுக்கு ஒதுக்கிவிட்டு அட்டவணையைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அதில் இருந்து கதைப்போம்.