காது கேட்கிறது, ஆனால் சொன்னது புரிவதில்லை

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பேச்சு தாமதமாகத்தான் வந்தது. இப்போதும் ஒரு வேலை சொன்னால் பாதியில் விழித்துக்கொண்டு நிற்கிறான். ஏதாவது கேட்டால், "அது... அது வந்து..." என்று திணறுகிறான். காதுப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. சதுரங்கம் நன்றாக ஆடுகிறான். ஆசிரியை, "கவனமே இல்லை, வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்கிறார். மாமியார், "அவன் அப்பாவும் இப்படித்தான் இருந்தான், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், தென்காசி

பதில்: அன்புச் சகோதரி, முதல் வேலையாக ஒன்று சொல்கிறேன்: வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் இப்படிப்பட்ட மொழிச் சிக்கல் வருவதில்லை; ஒன்றை விட்டுவிட்டால் குணமாவதும் இல்லை. பாட்டியோடும் உங்களோடும் பேச அவனுக்கு இருக்கும் ஒரே வழியை அடைக்கச் சொல்வது பெரிய அநியாயம்.

நீங்கள் எழுதியிருப்பவை வளர்ச்சிசார் மொழிக் குறைபாட்டின் (Developmental Language Disorder) அறிகுறிகளோடு ஒத்துப்போகின்றன. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஏழு பேருக்கு இது உண்டு. காது ஒலியை வாங்கிக்கொள்கிறது. அதைச் சொற்களாகப் பிரித்துப் பொருள் கொள்வதில்தான் மூளை சுணங்குகிறது. சோம்பலோ, திமிரோ, உங்கள் வளர்ப்போ இதற்குக் காரணமில்லை. ஆனால் கடிதத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. பேச்சு மொழி சிகிச்சை நிபுணர் நேரில் பார்த்துச் சோதிக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் இடையீட்டு சேவை மையத்தில் முதலில் விசாரியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் தேசிய நிறுவனத்திலும் (NIEPMD), மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனத்திலும் முழுமையான பரிசோதனை செய்வார்கள்.

அதுவரை நீங்கள் பேசும் விதத்தை மாற்றிப் பாருங்கள். "சாப்பிடுவதற்கு முன்னால் கையைக் கழுவு" என்றால், 'சாப்பிடு' என்பதுதான் அவனிடம் முதலில் போய்ச் சேரும். நேராகத் தட்டின் முன் உட்கார்ந்துவிடுவான். நீங்கள் அதட்டுவீர்கள், அவனுக்குக் காரணம் விளங்காது. "கையைக் கழுவு" என்று சொல்லி, அவன் கழுவிய பிறகு, "இப்போது சாப்பிடு" என்று சொல்லுங்கள். மிக்ஸியோ தொலைக்காட்சியோ ஓடும்போது எதுவும் சொல்லாதீர்கள். அவன் "அது... அது வந்து..." என்று தேடும்போது சொல்லை எடுத்துக் கொடுக்க நமக்கு வாய் துறுதுறுக்கும். பொறுத்திருங்கள், பெரும்பாலும் அவனே கண்டுபிடிப்பான். "நேற்று நான் போறேன்" என்று தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், "ஓ, நேற்று போனாயா? யாரோடு போனாய்?" என்று சரியான வடிவத்தில் பேச்சைத் தொடருங்கள். விருந்தினர் முன் பாட்டு ஒப்பிக்கச் சொல்லி அவனை ஒருபோதும் வற்புறுத்தாதீர்கள்.

பள்ளியில் கெஞ்ச வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மொழியைப் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் உள்ள சிரமத்தை 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்' என்ற வகைக்குள் சேர்த்திருக்கிறது. நிபுணரின் அறிக்கையோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். முன்வரிசை இடம், பாடக் குறிப்புகளைக் கரும்பலகையிலும் எழுதுவது, வாய்மொழிக் கேள்விக்குக் கூடுதல் நேரம் ஆகியவற்றைக் கேளுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இது குடும்பவழியாக வரக்கூடியது. ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. பலருக்கு இது பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. உங்கள் கணவர் பள்ளி நாட்களை எப்படிக் கடந்தார் என்று ஓய்வாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். பரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள்; அவர் சொல்லும் விவரங்கள் நிபுணருக்குத் தேவைப்படும்.