பழைய ஜிம்னியை வாங்கிச் சரிசெய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 35. மனைவி, மூன்று வயது மகனுடன் சிங்கப்பூரில், ஈசூன் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் வசிக்கிறேன். 2010ல் பதிவான சுசுகி ஜிம்னி 1.3 ஜீப் ஒன்று 32,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. இப்போதைய உரிமையாளர் 36,000 வெள்ளி கட்டி சிஓஇயை, அதாவது வண்டி வைத்துக்கொள்ளும் உரிமத்தை, பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார். நான்கு ஆண்டு மிச்சம் இருக்கிறது. இன்னும் 12,000 வெள்ளி போட்டு, ஓய்வு நேரத்தில் நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து ஜோகூர் காட்டுப்பாதைகளில் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கையிருப்பு 48,000 வெள்ளி. மாதச் செலவு 3,500 போக 1,200 மிஞ்சுகிறது. காப்புறுதிக்கு ஆண்டுக்கு 1,400 கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: 32,000க்கு வேண்டாம், தம்பி. சேசி (வண்டியின் அடிச்சட்டம்) நன்றாக இருந்து, விலையும் 23,000க்கு இறங்கினால் வாங்குங்கள்.

முதலில் அந்த 32,000த்தைப் பிரித்துப் பார்ப்போம். சிஓஇக்குக் கட்டிய 36,000 வெள்ளி 120 மாதத்துக்கானது. மாதத்துக்கு 300. மிச்சம் 48 மாதம் என்றால் 14,400 வெள்ளி. நாளைக்கே பதிவை ரத்து செய்தாலும் இந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். பதிவை ரத்து செய்யும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பார்ஃப் கழிவு, சிஓஇ புதுப்பித்த வண்டிக்குக் கிடையாது. ஆக, மீதி 17,600 வெள்ளியும் 16 வயது இரும்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

'கொஞ்சம் கொஞ்சமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதில்தான் கவலை. இடவசதி உள்ள ஊரில் பழைய ஜீப்பைக் கொட்டகையில் நிறுத்திவைத்து இரண்டு வருஷம் ஆற அமர வேலை பார்க்கலாம். சிங்கப்பூரில் வண்டி நின்றாலும் சிஓஇ ஓடிக்கொண்டே இருக்கும். 14 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல். இந்த 1,328 சிசி என்ஜினுக்கு ஆண்டுக்குச் சுமார் 875 வெள்ளி வரும். கூரையுள்ள வீவக கார்நிறுத்தத்துக்கு மாதம் 110. காப்புறுதியையும் சிஓஇயையும் சேர்த்தால், ஓட்டாமலே மாதம் 600 வெள்ளி கரைகிறது. எட்டு மாதம் ஜாக்கியில் நின்றால் 4,800. புளோக்குக்குக் கீழே வண்டியைப் பிரித்துப்போட இடமும் கிடையாது. அப்புறம் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ பட்டறைக்குத்தான் போக வேண்டும், கூலியும் சேரும்.

சரி, வண்டியைப் பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பழைய பஜேரோ பார்க்கப் போனேன். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு. எவ்வளவு சுத்தம் என்று சந்தோஷப்பட்டேன். கூட வந்த மெக்கானிக் பேசாமல் படுத்து, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் சேசியைத் தட்டிக்கொண்டே போனார். கணகணவென்று வந்த சத்தம் பின்சக்கரத்துக்கு மேலே போனதும் சொத்தென்று மாறியது. திருப்பிப் பிடித்து லேசாக அழுத்தினார். முனை உள்ளே போய்விட்டது. துருவோடு காய்ந்த சேறும் கொட்டியது. காட்டுப்பாதையில் ஓடிய வண்டியில் இப்படித்தான் நடக்கும். சேசிச் சட்டத்துக்குள் புகுந்த சேறு ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே அரிக்கும்.

ஜிம்னிக்கும் தனி இரும்புச் சட்டமாக அமைந்த சேசிதான். ஆகவே அதே மாதிரி தட்டிப் பாருங்கள். பாடி சேசியில் உட்காரும் இடங்கள், சக்கர வளைவின் உட்புறம், கதவுக்குக் கீழ் விளிம்பு எல்லாவற்றிலும் கை வைத்துப் பாருங்கள். கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள். என்ஜின், கியர்பாக்ஸ் எது கெட்டாலும் மாற்றலாம். சேசி அரித்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் உதறுகிறதா என்று கவனியுங்கள். பழைய ஜிம்னியில் இது சகஜம்; பெரும்பாலும் முன் அச்சில் சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கும். ஃபோர்வீல் பொத்தானை அழுத்தினால் விளக்கு நிலையாக எரிய வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வேக்குவம் குழாயோ, முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்போ போயிருக்கும். இரண்டும் சரிசெய்யக்கூடியவை, பேரம் பேசவும் உதவும். உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர் இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணைய விதிக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். இந்த வயது வண்டி ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். தேறாவிட்டால் பழையபடி மாற்றும் செலவு உங்கள் தலையில். காட்டுப்பாதைச் சேதத்தைக் காப்புறுதி ஏற்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

23,000 எப்படி வந்தது? சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆறு மாதச் செலவு, அதாவது 21,000 வெள்ளி, தொடாமல் வங்கியில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிஞ்சுவது 27,000. முதல் ஆண்டு ரிப்பேருக்கு 4,000 ஒதுக்கினால் 23,000. இந்த 27,000ஐ 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 563. உங்கள் திட்டப்படி 44,000 போட்டால் 917. அதோடு வரி, காப்புறுதி, கார்நிறுத்தம் 300 சேர்ந்தால் 1,217. பெட்ரோல் போடுவதற்கு முன்பே உங்கள் மாதச் சேமிப்பு முழுவதும் போய்விடுகிறது.

நீங்கள் போடும் 12,000மும் நான்கு ஆண்டுக்குத்தான். அதற்குமேல் வண்டியை வைத்துக்கொள்ள, அப்போதைய மூன்று மாத சிஓஇ ஏலச் சராசரி விலையைக் கட்டி மறுபடி புதுப்பிக்க வேண்டும். அது எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பத்து ஆண்டுப் புதுப்பிப்பு என்பதையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் சரிபாருங்கள். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மறுபடி புதுப்பிக்கவே முடியாது.

விற்பவர் 23,000க்கு இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஓராண்டு பொறுத்தால் இன்னும் 14,400 வெள்ளி சேரும், அப்போது வேறு வண்டி பார்க்கலாம். பார்க்கப் போகும் நாளில் என்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையிலேயே போங்கள். அதற்கு முந்தைய இரவு 563, 917 என்ற இரண்டு எண்ணையும் எழுதி மனைவியிடம் காட்டிப் பேசுங்கள்.